மாட்டிய மந்திரியும் தலைவரின் 'முழு நம்பிக்கை'யும்

கோட்டை அகழி
ஒரு கேள்வி, கட்சிச் சண்டையாக்காமல் பதில் சொல்லுங்கள். ஆட்சி இறங்குமுகத்தில் இருக்கிறது, ஒரு மந்திரி புகாரில் மாட்டிக்கொள்கிறார். தலைவர் மேடையேறி, அவர் மீது எனக்கு முழு நம்பிக்கை இருக்கிறது என்கிறார். இதில் யாருக்கு லாபம்? அலைக்கற்றைப் புகாரில் மாட்டிய ஒன்றிய மந்திரி ஆ. ராசா விஷயத்தையே எடுங்கள். 2010 மே மாதம் பிரதமர் மன்மோகன் சிங் பத்திரிகையாளர் கூட்டத்தில் அவர் பக்கம் பேசினார். நவம்பரில் ராசா ராஜினாமா. 2011 பிப்ரவரி 2ஆம் தேதி கைது. மறுநாளே தி.மு.க. பொதுக்குழு கூடி, கைதானதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார் என்று அவருக்குத் துணை நின்றது. மே மாதம் தி.மு.க.வுக்குக் கிடைத்தது 23 இடம். எதிர்க்கட்சி என்ற அந்தஸ்துகூட தே.மு.தி.க.வுக்குப் போயிற்று.

காட்பாடி ஜங்ஷன்
2017 டிசம்பர் 21ஐ வசதியாக விட்டுவிட்டீர்களே அண்ணா. அன்றைக்குத்தான் சி.பி.ஐ. சிறப்பு நீதிமன்றம் ராசாவை விடுதலை செய்தது. தீர்ப்பைப் பார்த்தால், அன்று துணை நின்ற பொதுக்குழு சொன்னதில் என்ன தப்பு?

அப்புறம் 2011 தோல்வி. என் மாமா குடியாத்தத்தில் தறி வைத்திருந்தார். கரண்ட் போனால் தறி நின்றுவிடும். பாதி நெய்த லுங்கிக் கட்டம் அப்படியே தறியில் கிடக்கும், அவர் திண்ணையில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருப்பார். அவர் ஓட்டை மாற்றிப் போட்டது மின்வெட்டுக்காக. அலைக்கற்றை என்றால் என்னவென்று அவர் கேட்டதுகூட இல்லை.

கோட்டை அகழி
மேல்முறையீடு டெல்லி உயர் நீதிமன்றத்தில் இருக்கிறது, தம்பி. 2024இல் விசாரணைக்கும் ஏற்றுக்கொண்டார்கள். அது கிடக்கட்டும். நான் கேட்டது அவர் குற்றவாளியா இல்லையா என்பதை அல்ல. தலைவர் ஏன் மேடையேறிச் சொல்ல வேண்டும்?

வாலாஜா பெரியவர்
இந்த விளையாட்டு நேரு காலத்திலேயே உண்டு. 1956 நவம்பர், அரியலூர் ரயில் விபத்து. ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா கொடுத்தார். அதற்கு முன் மகபூப்நகர் விபத்தின்போது கொடுத்ததை நேரு வாங்கவில்லை, இந்த முறை வாங்கிக்கொண்டார். விபத்துக்கு அவர் பொறுப்பு என்று நினைக்கவில்லை, முறைக்காக ஏற்கிறேன் என்று நாடாளுமன்றத்தில் விளக்கமும் சொன்னார். மனிதரைப் பாராட்டிக்கொண்டே பதவியை வாங்கிக்கொள்வது, அதுதான் சரியான வழி.

சாஸ்திரிக்குக் கீழே ரயில்வே துணை மந்திரியாக இருந்த ஓ.வி. அழகேசனை வைத்துத்தான் இங்கே 1957 தேர்தலில் 'ஆண்டது போதாதா, மாண்டது போதாதா' என்று தி.மு.க. கேட்டது. செங்கல்பட்டில் தோற்றார். ஆனால் 1962இல் அதே தொகுதியில் ஜெயித்தார், 1977இல் நம்ம அரக்கோணத்திலிருந்தே எம்.பி. ஆனார். பதவி போனால் வாழ்க்கையே போய்விடும் என்பது இந்தக் காலத்துப் பயம்.

அதே நேரு பாதுகாப்பு மந்திரி கிருஷ்ண மேனன் விஷயத்தில் சறுக்கினார். 1962 சீனப் போரில் அடி விழுந்த பிறகும் விட மனமில்லை. பாதுகாப்பை எடுத்துக்கொண்டு 'பாதுகாப்பு உற்பத்தி' என்று இன்னொரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். ஒரு வாரம் தாங்கியது.

காட்பாடி ஜங்ஷன்
ஐயா, அந்தக் காலத்தில் அமலாக்கத் துறை அதிகாலையில் கதவைத் தட்டியதா? தி.மு.க. மந்திரி செந்தில் பாலாஜி கைதானது 2023 ஜூன் 14. வழக்கோ அவர் அ.தி.மு.க. ஆட்சியில் போக்குவரத்து மந்திரியாக இருந்த காலத்தது. மாதக் கடைசியில் ஆளுநர் அவரை நீக்கி ஒரு கடிதம், அன்று இரவே நிறுத்திவைத்து இன்னொரு கடிதம். அப்போது முதல்வர் விட்டுக்கொடுத்திருந்தால், நாளைக்கு யார் மந்திரி என்பதை டெல்லிதான் முடிவு செய்யும். இலாகா இல்லாத மந்திரியாகவே வைத்திருந்தார். பிறகு 2024 மக்களவைத் தேர்தலில் தி.மு.க. கூட்டணிக்குத் தமிழ்நாட்டில் 39க்கு 39. கைவிடாததால் என்ன குடி முழுகிவிட்டது?

பேரணாம்பட்டு மைக்செட்
குறுக்கே பேசுகிறேன், மன்னிக்கவும். எல்லாக் கட்சிக்கும் மேடை போடுகிறவன் நான், அதனால் கட்சி பெயர் வேண்டாம். மந்திரி ஒருவர் புகாரில் இருந்த சமயம் ஒரு கூட்டம். அவருக்கு நாற்காலி எங்கே போடுவது என்று சாயங்காலம் வரை போன் மேல் போன். தலைவருக்கு வலது பக்கம் என்றார்கள், இரண்டு தள்ளி என்றார்கள், மறுபடி வலது பக்கமே என்றார்கள். பிளெக்ஸில் அவர் படம் தலைவர் படத்துக்குச் சமமாக இருந்தது, அதை இறக்கிச் சின்னதாக அடித்து ஏற்றினோம். இரவு மைக்கில் தலைவர், இவர் என் தம்பி, யாராலும் அசைக்க முடியாது என்றார். கைதட்டல் பலமாக இருந்தது. மேடைக்குப் பின்னால் நின்ற நிர்வாகிகள், அந்த இடம் அடுத்து யாருக்கு என்று அங்கேயே பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

சத்துவாச்சாரி வக்கீல்
மைக்செட் அண்ணன் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. அந்தப் பேச்சு மந்திரிக்காகவும் இல்லை, நமக்காகவும் இல்லை. மேடைக்குப் பின்னால் நிற்கிறவர்களுக்காக. ஆட்சி பலமாக இருக்கும்போது தலைவருக்கு மந்திரி தேவையில்லை. 2011 முதல் 2016 வரை ஜெயலலிதா மந்திரிகளை மாற்றிய வேகம் தெரியும். ஏன் என்று காரணம்கூடச் சொல்ல மாட்டார். 2016இல் திரும்ப ஜெயித்தார். அதே பலத்தில்தான் 2015இல் பா.ஜ.க. மந்திரி ராஜ்நாத் சிங், இது காங்கிரஸின் ஐ.மு.கூ. ஆட்சி இல்லை, இங்கே மந்திரிகள் ராஜினாமா செய்ய மாட்டார்கள் என்று சொன்னதும். 2019இல் பா.ஜ.க.வுக்கு 303. நீக்கியவரும் ஜெயித்தார், நீக்காதவரும் ஜெயித்தார்.

சரிகிற ஆட்சியில் கணக்கே வேறு. ஒவ்வொரு மந்திரியும் ஒரு மாவட்டம். தேர்தல் செலவு அவர் கையில், பூத் ஆட்கள் அவர் கையில். நம்ம வேலூருக்கு இதைப் பாடம் எடுக்க வேண்டியதில்லை, பணம் பிடிபட்டு 2019 மக்களவைத் தேர்தலே ரத்தான ஊர். அவரை விட்டால் மாவட்டம் போய்விடும் என்று தலைவர் பயப்படுகிறார், அந்தப் பயத்துக்குத்தான் 'முழு நம்பிக்கை' என்று பெயர். காட்பாடி தம்பி சொன்ன 39இல் ஆட்சிக்கு இன்னும் தெம்பு இருந்தது. தெம்பு இல்லாத 2013ஐப் பாருங்கள். மே மாதம் புகாரில் மாட்டிய ரயில்வே மந்திரி பவன் குமார் பன்சாலையும் சட்ட மந்திரி அஸ்வனி குமாரையும் காங்கிரஸ் ஒரு வாரம் போலத் தாங்கிப் பிடித்தது, பிறகு 10ஆம் தேதி ஒரே நாளில் இருவரும் ராஜினாமா. முதல் நாளே வாங்கியிருந்தால் நல்ல பெயராவது மிஞ்சியிருக்கும். மறு வருஷம் 44 இடம்.

ஆம்பூர்க்காரி
நீங்கள் எல்லாரும் ஜெயித்தார், தோற்றார் என்றே பேசுகிறீர்கள். 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர்த் தொட்டிச் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் செத்தார்கள். ராத்திரி தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் அந்தச் சேறு வந்து விழுந்தது. எந்த மந்திரி ராஜினாமா கொடுத்தார்? எந்தத் தலைவருக்கும் 'முழு நம்பிக்கை' சொல்ல வேண்டிய அவசியம்கூட வரவில்லை, யாரும் கேட்கவே இல்லை. பணப் புகார் என்றால்தான் உங்களுக்கெல்லாம் மந்திரி கண்ணில் படுகிறார்.

வாலாஜா பெரியவர்
நியாயம், அம்மா. அரியலூரில் கேட்ட கேள்வியை ராணிப்பேட்டையில் கேட்கவில்லைதான்.

கோட்டை அகழி
சரி வக்கீல் சார், இதற்குச் சட்டத்தில் வழி இல்லையா?

சத்துவாச்சாரி வக்கீல்
குற்றச்சாட்டு பதிவானவரை மந்திரியாக்கலாமா என்பதை 2014இல் உச்ச நீதிமன்றம் பிரதமர், முதல்வர்களின் மனசாட்சிக்கே விட்டுவிட்டது. 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசு 130ஆவது திருத்த மசோதாவைக் கொண்டுவந்தது. 30 நாள் தொடர்ந்து காவலில் இருந்தால் மந்திரி பதவி போய்விடும் என்றது அந்த மசோதா. நாடாளுமன்றக் கூட்டுக் குழுவுக்கு அனுப்பினார்கள். நான் அதை எதிர்க்கிறேன். தண்டனை வருமுன்பே பதவியைப் பறிக்கும் சாவியைப் போலீஸ் கையில் கொடுக்கக் கூடாது.

காட்பாடி ஜங்ஷன்
இதைத்தானே சார் நான் முதலிலிருந்து சொல்கிறேன்!

சத்துவாச்சாரி வக்கீல்
இல்லை தம்பி. சாவி போலீஸிடம் வேண்டாம் என்றேன். தலைவரிடம் இருக்கிற சாவியை அவர் எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மந்திரி பதவி ஜாமீன் இல்லையே, விலகி நின்று வழக்கை நடத்தட்டும். ஜெயித்தால் திரும்ப வரட்டும்.

காட்பாடி ஜங்ஷன்
வழக்கு முடிய ஏழு வருஷம் ஆகிறது சார். அதற்குள் இரண்டு தேர்தல் போய்விடும். முதலில் அதற்கு ஒரு வழி சொல்லுங்கள், அப்புறம் விலகச் சொல்லலாம்.