பெர்செபோனியின் மாதுளை விதை: உங்கள் கருத்து தேவை

வணக்கம் தோழிகளே. எங்கள் வாசிப்பு வட்டத்தில் கிரேக்கப் புராணத்தின் விளைச்சல் தெய்வம் டிமீட்டர், அவள் மகள் பெர்செபோனி பற்றி நான் பேச வேண்டும். ஓரிடத்தில் சிக்கி நிற்கிறேன், கைகொடுங்கள்.

மகள் பாதாளத்தில் இருந்தால் நிலம் தரிசு, திரும்பி வந்தால் விளைச்சல் என்று இதைப் பருவகாலக் கதையாகவே முடித்துவிடுகிறார்கள். பண்டைக் கிரேக்கக் கவிஞர் ஹோமரின் பெயரால் வழங்கும் டிமீட்டர் துதியைப் படித்தால் அப்படித் தோன்றவில்லை. நார்சிசஸ் பூவைப் பறிக்கப் பெண் கை நீட்டுகிறாள், பூமி பிளக்கிறது, பாதாள அரசன் ஹேடிஸ் தூக்கிக்கொண்டு போகிறான். சம்மதம் கொடுத்தது பெற்ற தகப்பன், தேவர்களின் அரசன் சீயஸ்! தாயிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டிமீட்டர் ஒன்பது நாள் அமுதைத் தொடாமல், குளிக்காமல், கையில் தீப்பந்தத்தோடு அலைகிறாள். பிறகு ஒரு விதையையும் முளைக்கவிடவில்லை. தேவர்களுக்குப் படையலே நின்றுபோகும் நிலை வந்ததும்தான் சீயஸ் இறங்கி வருகிறான்.

என் சிக்கல் பெர்செபோனி பாதாளத்தில் தின்ற அந்த மாதுளை விதை. அதைத் தின்றதால்தான் ஆண்டில் ஒரு பகுதி அவள் அங்கே திரும்ப வேண்டியதாகிறது. ஹேடிஸ் வற்புறுத்தித் தின்ன வைத்தான் என்று அவளே அம்மாவிடம் சொல்கிறாள். இன்று சிலர், அவள் விரும்பித் தின்று பாதாள அரசியானாள் என்கிறார்கள். எனக்கு அது கடத்தலைப் பூசி மெழுகுவதாகப் படுகிறது. அதற்காக அவளை வெறும் அபலையாக்கவும் மனசு வரவில்லை. நீங்கள் எப்படி வாசிப்பீர்கள்?

இன்னொன்று. ஏதென்ஸில் மணமான பெண்கள் மட்டும் டிமீட்டருக்கு எடுத்த தெஸ்மொஃபோரியா விழாவில் ஒருநாள் தரையில் அமர்ந்து விரதம் இருந்தார்கள். அதை இந்தத் தாயின் துக்கத்தோடு சேர்த்துப் பேசலாமா? தமிழில் கட்டுரை ஏதும் இருந்தால் புதன்கிழமைக்குள் சொல்லுங்கள்.