வீணையைப் ‘படிக்கிறேன்’ என்று எழுதிவிட்டேன்

குடும்பக் குழு: புதுச்சேரி – பாரிஸ்

நான், மாலை 6.12:
அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் வரும் டெல்ஃப் ஏ1 என்ற பிரெஞ்சு மொழியின் முதல்நிலைத் தேர்வின் வாய்மொழிப் பகுதிக்காக, என் பொழுதுபோக்குகளைப் பற்றி நான்கு வரிகள் எழுதிக்கொண்டு இன்று வகுப்புக்குப் போனேன். முதல் வரியிலேயே ஆசிரியை சிரித்துவிட்டார். ‘ஜெ லி லா வினா’ என்று எழுதியிருந்தேன். புத்தகம் வாசிப்பதற்கு ‘லீர்’ என்று அகராதியில் இருந்தது; வீணை வாசிப்பதற்கும் அதையே போட்டுவிட்டேன்.

தம்பி, மாலை 6.15:
அப்படியானால் வீணையை எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறாய், அக்கா. எத்தனை பக்கம் முடிந்தது?

அத்தை (பாரிஸ்), மாலை 6.31:
அவளைக் கேலி செய்யாதே. நான் இங்கே வந்த புதிதில் இதைவிடப் பெரிய பிழைகளைக் கடைத்தெருவில் நின்றே செய்திருக்கிறேன். ‘வாசி’ என்ற ஒரே சொல்லுக்கு நாம் இரண்டு வேலை கொடுக்கிறோம், ஆனால் பிரெஞ்சின் ‘லீர்’ எழுத்தோடு நின்றுவிடும். இசைக்கருவி என்றால் ‘ஜூவே’, அதாவது விளையாடு என்ற வினை. அதன் பின்னே ‘தெ’ வரவேண்டும். எனவே ‘ஜெ ஜூ தெ லா வினா’. மிருதங்கம் ஆண்பால் என்பதால் ‘தெ’யும் ‘லெ’யும் சேர்ந்து ‘த்யூ’ ஆகிவிடும்: ‘ஜெ ஜூ த்யூ மிருதங்கம்’.

நான், மாலை 6.36:
வீணையோடு விளையாடுகிறேன் என்று சொல்வது போல இருக்கிறதே, அத்தை. என் குரு கேட்டால் மறுநாள் வாசலிலேயே நிறுத்திவிடுவார். நாம் வீணையை வாசிக்கிறோம், நாதஸ்வரத்தை ஊதுகிறோம், பறையை அடிக்கிறோம். இவை எல்லாவற்றையும் அவர்கள் ஒரே வினைக்குள் அடைத்துவிட்டார்களா?

அத்தை (பாரிஸ்), மாலை 6.44:
ஆம், நமக்கு இருக்கும் அந்தச் செல்வம் இங்கே இல்லை. ஆனால் பின்னே வரும் சின்ன ஒட்டுதான் காரியத்தைப் பிரித்துக் காட்டுகிறது. கருவிக்கு ‘தெ’, விளையாட்டுக்கு ‘ஆ’. ‘ஆ’வும் ‘லெ’யும் சேர்ந்தால் ‘ஓ’. தம்பி கிரிக்கெட் ஆடுகிறான் என்றால் ‘இல் ஜூ ஓ க்ரிக்கெத்’. இந்த ஒட்டை மாற்றிப் போட்டால், கேட்பவர் புரிந்துகொள்வார், ஆனால் தேர்வாளர் குறித்துக்கொள்வார். இன்னொன்று: நான் ‘ஜ’ என்று எழுதும் இடத்தில் நம் ‘ஜ’வைச் சொல்லாதே, ‘ஷ’வை நீட்டிச் சொல்லிக்கொண்டே தொண்டையை அதிரவிடு, அதுதான் அந்த ஒலி.

தம்பி, மாலை 6.47:
சதுரங்கம் ஆடுவதை எப்படிச் சொல்வது? எனக்கும் பத்தாம் வகுப்பில் பிரெஞ்சு இருக்கிறது, என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அத்தை (பாரிஸ்), மாலை 6.52:
‘ஜெ ஜூ ஓஸ் எஷெக்’. சதுரங்கம் பிரெஞ்சில் எப்போதும் பன்மைதான். ஒருமையில் ‘எஷெக்’ என்றால் தோல்வி என்று பொருள், ஆகவே அந்த ஒட்டில் கவனமாக இரு.

தாத்தா, இரவு 7.20:
இப்போதுதான் கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்தேன். குழுவில் எல்லோரும் முழு வாக்கியத்தில் எழுதுவது மகிழ்ச்சி. நான் பள்ளியில் சேர்ந்தபோது புதுவையில் பிரெஞ்சு ஆட்சி; 1954 நவம்பரில் ஊர் கைமாறிய பிறகும் எங்கள் வாயிலிருந்து அந்த வினைத்திரிபுகள் போகவில்லை. பேத்தி, உனக்கு ‘த்யூ’ என்ற ஒலி வரவில்லை என்று சென்ற வாரம் சொன்னாயே, நம்முடைய கொம்யூன் பஞ்சாயத்தில் இருக்கும் ‘யூ’வுக்கு மூலமான ஒலி அதுதான். உதட்டை ‘ஊ’ சொல்வதுபோலக் குவித்துக்கொண்டு உள்ளே ‘ஈ’ என்று சொல்லிப்பார்.

நான், இரவு 7.26:
வந்துவிட்டது, தாத்தா! அடுப்பில் இருந்த பாலைத்தான் மறந்துவிட்டேன். ஆனால் வினைத்திரிபுகள்தான் இன்னும் மிரட்டுகின்றன. ஆறு இடத்துக்கு ஆறு வடிவங்களை எப்படி நினைவில் வைப்பது?

தாத்தா, இரவு 7.38:
எழுதும்போதுதான் அத்தனை வேறுபாடு. ‘ஜூவே’யில் நான், நீ, அவன், அவர்கள் ஆகிய நான்கு இடங்களிலும் காதில் விழுவது ‘ஜூ’ மட்டுமே. நாங்கள் என்பதற்கு ‘ஜூவோன்’, நீங்கள் என்பதற்கு ‘ஜூவே’. அந்த ‘ன்’னை நாக்கால் தொடாமல் மூக்கோடு விட்டுவிட வேண்டும். ‘ஃபேர்’ என்ற வினைதான் முரண்டு பிடிக்கும்: ஃபே, ஃபே, ஃபே, ஃபெஸோன், ஃபேத், ஃபோன். அதை மட்டும் உருப்போட்டுவிடு, வேறு வழியில்லை.

நான், இரவு 7.41:
‘ஃபேர்’ என்றால் ‘செய்’ என்றுதானே பொருள்? பொழுதுபோக்கில் அது எங்கே வருகிறது?

அத்தை (பாரிஸ்), இரவு 7.55:
எங்கும் வரும். நாம் சைக்கிள் ஓட்டுகிறோம், நீச்சல் அடிக்கிறோம். அவர்கள் ‘ஃபேர் த்யூ வெலோ’, ‘ஃபேர் தெ லா நதாஸியோன்’ என்று இரண்டையும் ‘செய்கிறார்கள்’. சமைப்பது ‘ஃபேர் லா க்விஸீன்’. இங்கு ‘தெ’ இல்லை என்பதைப் பார். அதனால்தான் சொல்கிறேன், ‘வினை இது, பொருள் இது’ என்று தனித்தனியாகப் பட்டியல் போடாதே. ‘தெ லா நதாஸியோன்’ முழுவதையும் வினையோடு சேர்த்து ஒரே மூச்சில் மனப்பாடம் செய்.

நான், இரவு 7.59:
பிடிக்கும் என்பதற்கு ‘ஏமே’ என்று படித்தோம். ‘ஜேம் லா ம்யூஸிக்’; ‘நான்’ என்னும் ‘ஜெ’ அதனோடு சேர்ந்து ‘ஜேம்’ ஆகிறது. ஆனால் நமக்கு ‘எனக்குப் பிடிக்கும்’ என்றுதான் வருகிறது, ‘நான்’ என்று தொடங்க வாய் கூசுகிறது.

அத்தை (பாரிஸ்), இரவு 8.10:
உனக்காகவே ஒரு வடிவம் வைத்திருக்கிறார்கள். ‘ஸா மெ ப்ளே’. அந்த ‘மெ’தான் உன்னுடைய ‘எனக்கு’. எதையாவது காட்டி ‘இது எனக்குப் பிடித்திருக்கிறது’ என்று சொல்ல அது பொருந்தும். ஆயினும் தேர்வில் பொழுதுபோக்கைச் சொல்ல ‘ஏமே’யையே பிடித்துக்கொள், அதன் பின்னே நேராக ஒரு வினையையும் வைக்கலாம்: ‘ஜேம் லீர்’. இதில் நீ தாராளமாகப் படிக்கலாம், வீணையை மட்டும் விட்டுவிடு.

தம்பி, இரவு 8.13:
பிடிக்காததை எப்படிச் சொல்வது? அக்காவுக்கு அதுதான் நீளமான பட்டியல்.

அத்தை (பாரிஸ்), இரவு 8.21:
‘ஜெ நேம் பா லா நதாஸியோன்’ என்றால் நீச்சல் பிடிக்காது. ‘ஜெ நெ ஃபே பா தெ நதாஸியோன்’ என்றால் நீந்துவதில்லை. முதலாவதில் ‘லா’ நிலைத்து நிற்கிறது, இரண்டாவதில் ‘தெ லா’ சுருங்கி வெறும் ‘தெ’ ஆகிவிட்டது. முதல் நிலையில் பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

நான், இரவு 8.40:
வாய்மொழியின் முதல் பகுதியில் என்னைப் பற்றியும் பொழுதுபோக்கைப் பற்றியும் கேட்பார்கள், அதற்கு முன்தயாரிப்பு நேரம் கிடையாது. முழுத் தேர்வில் வாய்மொழியையும் சேர்த்து நான்கு பகுதிகளுக்கும் தலா 25 மதிப்பெண். மொத்தத்தில் 50 வேண்டும், எதிலும் 5க்குக் கீழே போகக்கூடாது. ஆகவே இதை வாயில் ஏற்றிக்கொள்கிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள்: ‘ஜேம் லா ம்யூஸிக். ஜெ ஜூ தெ லா வினா. ஜேம் லீர். ஜெ ஃபே த்யூ வெலோ, மே ஜெ நெ ஃபே பா தெ நதாஸியோன்.’

அத்தை (பாரிஸ்), இரவு 8.46:
பிழையில்லை. ஆனால் வீணை என்றதும் அது என்ன கருவி என்று தேர்வாளர் கேட்பார். ‘ஸெ தன் அன்ஸ்த்ர்யூமான் அந்தியன்’, இது ஓர் இந்திய இசைக்கருவி என்று ஒரு வரி சேர்த்துக்கொள்.

தாத்தா, இரவு 8.52:
பேத்தி, இப்போது நான் கேட்கிறேன், எழுத்தில் வேண்டாம், குரல்பதிவாகப் பதில் சொல். ‘எஸ்கெ த்யூ ஜூ ஆ லா பெத்தான்க்?’, அதாவது நீ பெத்தான்க் ஆடுவாயா? இந்தத் ‘த்யூ’வுக்கு ‘நீ’ என்று பொருள். நான் இரும்புக் குண்டு உருட்டப் போகும்போதெல்லாம் நீதானே பையைத் தூக்கிக்கொண்டு வந்தாய்.

நான், இரவு 8.58:
🎤 குரல்பதிவு, 0:04

தாத்தா, இரவு 9.01:
‘த்யூ’ சரியாக இருக்கிறது. ஆனால் கேள்வியையே எனக்குத் திருப்பிச் சொல்லியிருக்கிறாய். ‘ஜெ’ என்று தொடங்கி மறுபடி அனுப்பு.