சொந்த கிளினிக் நடத்துறவங்க யார் பேச்சைக் கேக்குறீங்க?

தனிகிளினிக்_பிசியோ:

எல்லாருக்கும் வணக்கம். நான் பிசியோதெரபிஸ்ட், ஆஸ்பத்திரி வேலைய விட்டுட்டு தனியா கிளினிக் போட்டு ஒன்றரை வருஷம் ஆச்சு. வைத்தியம் பாக்குறதுல பயம் இல்ல, அதை ஒரு தொழிலா நடத்துறதுல தான் தலைய பிச்சுக்கிறேன், ஏன்னா ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எனக்கு வேலை கத்துக்குடுத்த சீனியர் இருவது வருஷமா ப்ராக்டிஸ்ல இருக்கார், "விளம்பரமே வேண்டாம், நல்லா பாத்தா நாலு பேர் சொல்லி நாப்பது பேர் வருவாங்க, ஃபீஸ ஏத்தாத"ங்கிறார். ஆன்லைன்ல ஒரு பிசினஸ் கோச் கிட்ட கிளாஸ் சேந்தேன், அவர் "ஃபீஸ உடனே ஏத்துங்க, ஒவ்வொரு சிட்டிங்கா காசு வாங்காதீங்க, இருவது சிட்டிங் பேக்கேஜ்னு மொத்தமா முன்னாடியே வாங்கிடுங்க"ங்கிறார். என் மச்சான் வேற வியாபாரத்துல நல்லா மேல வந்தவர், "மத்தியானம் பெட் காலியா தானே கிடக்கு, 20 சதவீதம் தள்ளுபடி போடு"ங்கிறார். மூணுமே கேக்கும்போது சரியா தான் படுது, ராத்திரி படுத்தா ஒண்ணுக்கொண்ணு முட்டுது. நீங்கல்லாம் எதை வெச்சு ஒருத்தர் பேச்சை நம்புறீங்க?

பல்டாக்டர்_14வருஷம்:

தம்பி, யாரை நம்புறதுன்னு பாக்குறதுக்கு முன்னாடி, அவங்க சொன்னதை ஒரு பேப்பர்ல எழுதி கணக்கு போடுங்க, பாதி குழப்பம் அங்கயே தீந்துரும். மச்சான் சொன்னதை எடுத்துக்குவோம். மாசம் 100 வருது, வாடகை, சம்பளம், கரண்டுன்னு 60 போகுது, கையில 40 நிக்குதுன்னு வைங்க. எல்லாருக்கும் 20 சதவீதம் குறைச்சா வரவு 80, செலவு அதே 60, கையில 20. ஃபீஸ்ல அஞ்சுல ஒரு பங்கு தான் குறைச்சீங்க, லாபத்துல பாதி போயிருச்சு. பழைய 40ஐ பிடிக்க 25 சதவீதம் ஆள் கூட வரணும், அதுவும் அவங்களால ஒரு பைசா கூடுதல் செலவு வரலன்னா தான். அவர் காலி நேரத்துக்கு மட்டும் தானே சொல்றார்னு கேக்கலாம், சரி, ஆனா காலையில முழு ஃபீஸ் குடுக்குறவங்க மத்தியானத்துக்கு மாறிட்டா என்ன பண்றதுன்னு அவரையே கேளுங்க, அதுக்கு என்ன பதில் வருதோ அதை வெச்சு எவ்வளவு யோசிச்சு சொன்னார்னு தெரிஞ்சுரும்.

அதே மாதிரி ஃபீஸ 10 சதவீதம் ஏத்துனா, 100 பேர்ல 9 பேர் வராம போனாலும் வரவு குறையாது. அதனால கோச் சொன்னது எல்லாமே தப்புன்னு நான் சொல்ல மாட்டேன்.

ஆனா ஒண்ணு கேளுங்க. எனக்கு ஒரு ஆலோசகர் இருந்தார், என் வளர்ச்சிக்கு ஒரு ஸ்கேனர் மெஷின் கட்டாயம் வேணும்னு மூணு மாசம் விடாம சொன்னார், கடன் போட்டு வாங்கிட்டேன். மெஷின் துணி போத்தி மூலையில நின்னுச்சு, இஎம்ஐ மட்டும் மாசாமாசம் போச்சு. வித்தவங்க கிட்ட அவருக்கு கமிஷன் இருந்துச்சுன்னு ரொம்ப பின்னாடி தான் தெரிஞ்சுது. மனுஷன் கெட்டவர்னு சொல்லல, ஆனா நான் கேட்டிருக்கணும். இப்போ யார் வந்தாலும் என் முதல் கேள்வி, "இதை நான் செஞ்சா உங்களுக்கு என்ன கிடைக்கும், இது தப்பா போனா உங்களுக்கு என்ன நஷ்டம்?" நேர்மையான ஆளுக்கு இதுல கோவம் வராது.

மனநல_ஆலோசகர்:

சார், பேக்கேஜ் விஷயத்துல கொஞ்சம் நிதானமா இருங்க. ஆறு சிட்டிங்லயே முட்டி சரியாகி மாடிப்படி ஏறுற பேஷண்ட், மீதி பதினாலுக்கு காசு கட்டியாச்சேன்னு வந்துட்டே இருப்பார், நீங்களும் "இனிமே வர வேண்டாம்"னு சொல்லத் தயங்குவீங்க. வைத்தியத்துல உங்க முடிவையே அந்த காசு இழுக்க ஆரம்பிச்சுரும். பயன்படுத்தாத சிட்டிங் காசைத் திருப்பிக் குடுப்பேன்னு முதல்லயே எழுதிக் குடுத்தா மட்டும் செய்யலாம்.

கோச்சோட கிளாஸ்ல நல்லா வந்தவங்க வீடியோ நிறைய காட்டிருப்பாங்க இல்லையா. ரெண்டாம் உலகப்போர்ல, 1943ல, ஆபிரகாம் வால்ட்னு ஒரு புள்ளியியல் நிபுணர் இதே சிக்கலைப் பாத்தார். சண்டைக்குப் போய் திரும்பி வந்த விமானங்கள்ல எங்கெங்க குண்டு பட்டிருக்குன்னு கணக்கெடுத்திருந்தாங்க. எஞ்சின்ல அடிபட்டது கம்மியா தெரிஞ்சா எஞ்சின் பத்திரம்னு அர்த்தம் இல்ல, அங்க அடிபட்டதுல நிறைய திரும்பியே வரல, அதனால வராத விமானத்தையும் சேத்து தான் கணக்கு போடணும்ங்கிறது தான் அவர் வேலை. நீங்களும் கோச் கிட்ட கேளுங்க, மொத்தம் எத்தனை பேர் சேந்தாங்க, பாதியில விட்டவங்க எத்தனை பேர், அதுல ரெண்டு பேர் கிட்ட பேச முடியுமா. நான் ஒருத்தர் கிட்ட இப்படி கேட்டப்ப "நெகட்டிவ்வா யோசிக்கிறீங்க மேடம்"னு பதில் வந்துச்சு, அதோட விட்டுட்டேன். இன்னொருத்தர் தனக்கு எங்கெல்லாம் சறுக்குச்சுன்னு ஒரு மணி நேரம் சொன்னாங்க, அவங்க கிட்ட இன்னைக்கும் போறேன்.

இன்னொண்ணு, மாசம் இவ்வளவு வருதுன்னு சொல்றவங்க பாதி பேர் வரவை சொல்றாங்க, கையில நிக்கிறதை சொல்றதில்ல.

ஓரமா_படிக்கிறவன்:

சீனியர் பத்தி யாரும் சொல்லலயே. அவர் பொய் சொல்லல, ஆனா அவர் ஆரம்பிச்ச காலத்துல அவருக்கு வாடகை எவ்வளவு, போட்டிக்கு எத்தனை பேர், முதல் ரெண்டு வருஷம் வீட்டு செலவு யார் பாத்தாங்க, இதெல்லாம் கேளுங்க. பேஷண்ட்டைத் தக்க வெக்கிறதுல அவர் பேச்சு தங்கம். முதல் நூறு பேரைக் கொண்டு வர்றதுல அவருக்கு இப்போ அனுபவம் இல்ல, அதை விட்டு இருவது வருஷம் ஆச்சு. ஒரே ஆளை எல்லாத்துக்கும் நம்பணும்னு இல்ல ப்ரோ.

தனிகிளினிக்_பிசியோ:

எல்லாருக்கும் மனசார நன்றி. நேத்து ராத்திரி அப்பாயின்ட்மென்ட் நோட்ட எடுத்து வெச்சு உக்காந்தேன், ஃபீஸ் கணக்கு போடத் தான் எடுத்தேன், ஆனா பேரு பேரா பாத்துட்டு வரும்போது வேற ஒண்ணு கண்ணுல பட்டுச்சு, கடைசி மூணு மாசத்துல புதுசா வந்த 41 பேர்ல 17 பேர் ரெண்டாவது சிட்டிங்கோட நின்னுட்டாங்க. முதல் நாள் நான் பாக்குறேன், ரெண்டாவது நாள் பெரும்பாலும் அசிஸ்டன்ட் கிட்ட விட்டுர்றேன். மூணு பேரும் அத்தனை யோசனை சொன்னாங்களே, வந்தவங்க ஏன் நிக்கிறாங்கன்னு ஒருத்தரும் கேக்கல, நானும் சொல்லல. காலையில சீனியருக்கு ஃபோன் போட்டு இதைச் சொன்னேன், கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "சனிக்கிழமை நோட்டோட வா, அந்த 17 பேருக்கும் நீயே ஃபோன் பண்ணு, நான் பக்கத்துல உக்காந்து கேக்குறேன்"னாரு. போறேன். பேசிட்டு வந்து எழுதுறேன்.