அறிவித்த நிகழ்ச்சி வரவில்லை: கோளாறா, மேலிடத்து உத்தரவா, எப்படிக் கண்டறிவது?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

வணக்கம். தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் கேரளத்துக்குக் கிடைக்க வேண்டிய 7.25 டிஎம்சி தண்ணீரைப் பற்றி ஓர் ஆகாசவாணி நிலையம் உரையாடல் நிகழ்ச்சி அறிவித்திருந்தது. குறித்த நேரத்தில் பாட்டுதான் ஓடியது. கேட்டதற்கு "தொழில்நுட்பக் கோளாறு" என்று ஒரே வரி பதில். நிலையத்தின் பெயர் இங்கே வேண்டாம், விஷயம்தான் முக்கியம். பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா விவசாயிகளுக்கு இது வயிற்றுப் பிரச்சினை. உண்மையிலேயே கோளாறா, யாராவது நிறுத்தச் சொன்னார்களா என்று தெரிந்துகொள்ள எந்தக் காகிதத்தைக் கேட்க வேண்டும்? யாரிடம் கேட்க வேண்டும்? ஆகாசவாணியையும் தூர்தர்ஷனையும் நடத்தும் பிரசார் பாரதி தன்னாட்சி அமைப்பு என்கிறார்களே, அதற்கு அரசு உத்தரவு போட முடியுமா?

ட்யூட்டி ரூம்:

முதலில் காகிதம். ஆகாசவாணி நிலையத்தில் எந்த நேரத்தில் என்ன போகும் என்பதற்கு ஃபிக்ஸ்ட் பாயின்ட் சார்ட் இருக்கும். அதிலிருந்து அன்றன்றைக்கு, நிகழ்ச்சிகளை நேர வரிசையில் காட்டும் க்யூ ஷீட் தயாராகும். கடைசி நேர மாற்றம் என்றால் அந்தத் தாளிலேயே அடித்துத் திருத்துவார்கள். ஒலிபரப்பில் திட்டத்திலிருந்து எது விலகினாலும் ட்யூட்டி ஆபீசர் ட்ரான்ஸ்மிஷன் ரிப்போர்ட்டில் நேரத்தோடு எழுத வேண்டும். மறுநாள் காலை நிகழ்ச்சிக் கூட்டத்தில் அந்த ரிப்போர்ட்டைத்தான் படிப்பார்கள். பொறியியல் பிரிவுக்குத் தனி லாக் புக். எத்தனை நிமிடம், எத்தனை நொடி தடங்கல் என்பது அதில் இருக்கும்.

பாட்டு எப்போது தொடங்கியது என்பது முக்கியமான தடயம். கோளாறு என்றால் பெரும்பாலும் நிகழ்ச்சி நடுவில் அறுந்து, மௌனம் வந்து, மன்னிப்பு அறிவிப்பு வந்து, அப்புறம்தான் பாட்டு வரும். முதல் நொடியிலிருந்தே பாட்டு என்றால் முடிவு முன்பே எடுக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் க்யூ ஷீட்டில் அடித்தல் இருக்கும், லாக் புக்கில் தடங்கல் பதிவு இருக்காது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, உரையாடலில் பேசியவர்களுக்கு ஒப்பந்தப் படிவமும் சன்மானமும் உண்டு. சன்மானம் கொடுத்திருந்தால் பதிவு முடிந்து ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது என்றுதான் பொருள்.

பாலக்காட்டு வழக்கறிஞர்:

சட்டக் கேள்விக்கு வருகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரசார் பாரதி சட்டம் 1990இல் நிறைவேறியது, நடைமுறைக்கு வர 1997 ஆயிற்று. நெருக்கடி நிலையில் வானொலியும் தூர்தர்ஷனும் ஆட்சியின் ஊதுகுழலாக இருந்ததைப் பார்த்து, 1978இல் வர்கீஸ் குழு இதைவிட வலுவான ஓர் அமைப்பைத்தான் பரிந்துரைத்தது. அலைவரிசை பொதுச்சொத்து, அது அரசின் ஏகபோகம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1995இல் வங்காள கிரிக்கெட் சங்க வழக்கில் சொன்ன பிறகுதான் வேலை வேகம் பிடித்தது.

அரசு உத்தரவு போட முடியுமா என்றால், முடியும். ஆனால் வாசல் ஒன்றுதான், பிரிவு 23. நாட்டின் இறையாண்மை, ஒற்றுமை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு ஆகிய காரணங்களுக்காக இன்னதை ஒலிபரப்பாதே என்றோ, பொது முக்கியத்துவம் உள்ள இன்னதை ஒலிபரப்பு என்றோ மத்திய அரசு அறிவிப்பு அனுப்பலாம். அப்படி ஒலிபரப்பும்போது "இது அரசின் உத்தரவுப்படி" என்று நேயர்களிடம் சொல்லும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. அனுப்பிய ஒவ்வோர் உத்தரவின் நகலையும் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்க வேண்டும்.

ஆகவே தொலைபேசியில் வரும் "கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி (ஆர்டிஐ) நீங்கள் போடும் மனுவில் கட்டாயம் இப்படி ஒரு வரி சேருங்கள்: "இந்த நிகழ்ச்சி தொடர்பாகப் பிரிவு 23இன் கீழ் உத்தரவு ஏதேனும் வந்ததா? வந்திருந்தால் நகல் தருக." இல்லை என்று பதில் வந்தால் அது உங்களுக்குத் தோல்வி இல்லை. சட்டப்படியான உத்தரவு எதுவும் இல்லாமலே நிறுத்தியிருக்கிறார்கள் என்பதற்கு அவர்கள் கையெழுத்திலேயே ஆதாரம் கிடைத்துவிடுகிறது.

பிரிவு 12ஐயும் மேற்கோள் காட்டுங்கள். பொதுநலன் சார்ந்த எல்லா விஷயங்களையும் சுதந்திரமாக, உண்மையாக, நடுநிலையாக அறியும் குடிமக்களின் உரிமையைக் காப்பதும், மாறுபட்ட கருத்துகளையும் சேர்த்துச் சமநிலையோடு தருவதும் நிறுவனத்தின் கடமை என்கிறது அது. ஆனால் அந்தப் பிரிவை மீறினார்கள் என்று மட்டும் சொல்லி நஷ்ட ஈட்டு வழக்குப் போட முடியாது. அதற்கும் அதே பிரிவிலேயே விலக்கு வைத்திருக்கிறார்கள். ஆனால் எர்ணாகுளத்தில் உள்ள கேரள உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம்.

மூணாறு மேடு:

வழக்கறிஞர் சார் சொன்னது சரி, ஆனால் எல்லாவற்றையும் "டெல்லி நிறுத்தியது" என்று படிக்க வேண்டாம். பெரும்பாலான வெட்டு நிலையத்துக்குள்ளேயே, பயத்தில் விழுகிறது. பயம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சம்பளம் மத்திய அரசின் மானியத்தில் வருகிறது. 5.10.2007க்கு முன்பு சேர்ந்த ஊழியர்கள் இன்னும் அரசு ஊழியர்கள்தான், பிரசார் பாரதியில் அயல்பணியில் இருப்பதாகக் கருதப்படுகிறார்கள். செய்திப் பிரிவை நடத்தும் இந்தியத் தகவல் பணி அதிகாரிகளின் இடமாற்றம் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் கையில். தற்காலிக அறிவிப்பாளருக்கு அடுத்த மாத ட்யூட்டி கிடைக்குமா என்பதே கேள்வி. இந்த நிலையில் யாரும் தனியாக உத்தரவு போட வேண்டிய அவசியமே இல்லை.

எந்தக் கட்சி ஆண்டாலும் இதே நிலைதான். 2014 தேர்தலின்போது நரேந்திர மோதியின் தூர்தர்ஷன் பேட்டியில் சில பகுதிகள் வெட்டப்பட்டன. ஆட்சியில் இருந்தது காங்கிரஸ் கூட்டணி. அமைச்சகத்திடமிருந்து தன்னாட்சி பெற முடியவில்லை என்று பிரசார் பாரதியின் தலைமைச் செயல் அலுவலர் ஜவஹர் சர்க்காரே எழுத்தில் சொன்னார். 2017இல் திரிபுரா முதல்வர் மாணிக் சர்க்காரின் சுதந்திர தின உரையை மாற்றினால்தான் ஒலிபரப்புவோம் என்றார்கள். 2024இல் தூர்தர்ஷன், ஆகாசவாணி தேர்தல் உரைகளில் சீதாராம் யெச்சூரி "வகுப்புவாத எதேச்சாதிகார ஆட்சி" என்ற சொற்களையும், ஃபார்வர்டு பிளாக்கின் தேவராஜன் "முஸ்லிம்" என்ற சொல்லையும் விட வேண்டியதாயிற்று.

தண்ணீர் விஷயத்தில் அவர்கள் காட்டப் போகும் காரணத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆகாசவாணியின் ஒலிபரப்பு நெறியில் "மத்திய அரசையோ ஒரு மாநிலத்தையோ பகைமையோடு விமர்சிக்கக் கூடாது" என்று ஒரு விதி உண்டு. இரு மாநிலத் தண்ணீர்ப் பிரச்சினையில் கையில் எடுக்க வசதியான விதி அதுதான். ஆனால் பகைமை வேறு, கணக்குக் கேட்பது வேறு. எந்த வாக்கியம் எந்த விதியை மீறியது என்று குறிப்பாகக் கேளுங்கள். அந்த முடிவு எழுதப்பட்ட கோப்புக் குறிப்பின் நகலையும் சேர்த்துக் கேளுங்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

ரொம்ப நன்றி. பாட்டு முதல் நொடியிலிருந்தே ஓடியது. மனுவைத் தமிழில் எழுதலாமா? கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டினால் போதுமா?

ட்யூட்டி ரூம்:

கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டாதீர்கள். கேரள அரசு அலுவலகத்துக்கு அது செல்லும், ஆகாசவாணி மத்திய அமைப்பு என்பதால் அங்கே செல்லாது. பல மனுக்கள் இந்த ஒரு காரணத்தாலேயே திரும்பி வருகின்றன. 10 ரூபாய்க்கு இந்தியன் போஸ்டல் ஆர்டர் எடுத்து, அக்கவுன்ட்ஸ் ஆபீசர் பெயருக்கு எழுதுங்கள். மத்திய அரசின் ஆர்டிஐ இணையதளத்தில் போட்டால் அந்தத் தொல்லையும் இல்லை, ஆனால் கேரள அரசின் தளத்தில் போட்டுவிடாதீர்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர் போட்டால் கட்டணமே கிடையாது, சான்று மட்டும் இணைக்க வேண்டும்.

மொழி: ஆங்கிலம், இந்தி, அல்லது அந்தப் பகுதியின் ஆட்சிமொழி என்கிறது சட்டம். கேரளத்தில் தமிழ்ச் சிறுபான்மையினருக்குத் தனி உரிமை இருந்தாலும் அது மாநில அலுவலகங்களோடு நடக்கும் கடிதப் போக்குவரத்துக்கானது. இந்த மனுவை ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ எழுதிவிடுங்கள். மொழிக்காகச் சண்டை போட்டு ஒரு மாதத்தை இழக்க வேண்டாம்.

"அழுத்தம் இருந்ததா?", "ஏன் நிறுத்தினீர்கள்?" என்று கேட்காதீர்கள். அது தகவல் அல்ல, விளக்கம் என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். ஆவணத்தின் பெயரையும் தேதியையும் எழுதுங்கள்: அன்றைய க்யூ ஷீட், ட்ரான்ஸ்மிஷன் ரிப்போர்ட், பொறியியல் லாக், மறுநாள் கூட்டக் குறிப்பு, நிகழ்ச்சிக் கோப்பின் குறிப்புப் பக்கங்கள், தலைமை இயக்குநரகத்திலிருந்து வந்த மின்னஞ்சல்கள். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். கோப்பை நேரில் பார்க்கவும் கேளுங்கள். முதல் மணி நேரம் இலவசம், அப்புறம் மணிக்கு 5 ரூபாய். நேரில் பார்த்தால்தான் பென்சிலில் எழுதி அழித்ததும் கண்ணில் படும்.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையம்.

பாலக்காட்டு வழக்கறிஞர்:

"விமர்சனம் இருந்ததால் நிறுத்தினோம்" என்று எழுத்தில் பதில் வந்தால் பத்திரமாக வையுங்கள். போபால் விஷவாயு பற்றிய ஓர் ஆவணப்படத்தைத் தூர்தர்ஷன் மறுத்த வழக்கில், மாநில அரசை விமர்சிக்கிறது என்பது மட்டும் மறுப்பதற்குக் காரணம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1992இலேயே சொல்லிவிட்டது. எல்ஐசி எதிர் மனுபாய் ஷா வழக்கோடு சேர்த்து வந்த தீர்ப்பு அது. ரிட் மனுவுக்கு அதுதான் அடித்தளம்.

நிகழ்ச்சி பற்றிய அறிவிப்பை யாராவது கைபேசியில் பதிவு செய்திருக்கிறார்களா என்று இன்றே விசாரியுங்கள். சமூக ஊடகப் பக்கத்தில் போட்டிருந்தால், அழிப்பதற்கு முன் தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். அப்படி ஒரு நிகழ்ச்சி திட்டத்திலேயே இல்லை என்று பதில் வந்தால், முதல் மேல்முறையீட்டில் இணைக்க உங்கள் கையில் இருப்பது அது ஒன்றுதான்.