நீர்மானி போன ஒழுங்கையிலிருந்து ஓர் உதவி

வணக்கம். இலங்கையின் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடு இருக்கிறது. சென்ற செவ்வாய் விடியற்காலை வாசலில் தண்ணீர் பீறிட்டுக்கொண்டிருந்தது. நீர்மானியை யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள், பழைய பித்தளைக்குக் கிடைக்கும் சில்லறைக்காக! இந்த ஒழுங்கையில் இது மூன்றாவது. அதற்கு முந்திய வாரம், கோயிலிலிருந்து திரும்பிய பக்கத்து வீட்டு அன்ரியின் சங்கிலியை மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் அறுத்தார்கள். கழுத்துக் காயம் இன்னும் ஆறவில்லை.

பொலிஸில் முறைப்பாடு கொடுத்தாயிற்று. சிங்களத்தில் அவர்களே எழுதி, என்னை ஒப்பமிடச் சொன்னார்கள். மகன் வந்து வாசித்துச் சொல்லும்வரை நான் பேனாவைத் தொடவில்லை. சந்தியில் முச்சக்கரவண்டிகளை மறித்து ஆவணம் பார்க்க ஆள் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு ஒழுங்கைக்குள் ஒரு சுற்று வரத்தான் ஆள் இல்லையாம்.

2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், ஓராண்டில் பதிவான திருட்டுகள் எத்தனை, இரவு ரோந்து எத்தனை முறை என்று கேட்க நினைக்கிறேன். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். தமிழில் இப்படி விண்ணப்பித்தவர்கள் இருக்கிறீர்களா? மாதிரிக் கடிதம் இருந்தால் அனுப்புங்கள். எப்படிக் கேட்டால் தட்டிக்கழிக்க மாட்டார்கள்? பொலிஸாரும் ஊரவரும் சேர்ந்த சிவில் பாதுகாப்புக் குழு உங்கள் பகுதியில் உண்மையில் கூடுகிறதா? எங்களுடையது பெயர்ப்பட்டியலோடு சரி.

பொலிஸ் அவசர இலக்கமான 119ஐ அழையுங்கள் என்று மட்டும் சொல்ல வேண்டாம். அழைத்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.