ரம்பப்பல் தளத்தில் ஓடும் துளி: பின்னுதைப்பா, இழுவையா?

தழல்மதி:
மிகச் சூடான உலோகத்தில் விழும் நீர்த்துளி உடனே வற்றிவிடாமல் தன் ஆவியின்மேலேயே மிதந்து நெடுநேரம் நிலைப்பதைப் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கரண்டியில் சோதித்து, 1756-இல் ஜெர்மன் மருத்துவர் லைடன்ஃப்ராஸ்ட் எழுதினார். வழவழப்பான தட்டில் அத்துளி எப்பக்கம் போகும் என்று முன்கூட்டிச் சொல்வது கடினம். தட்டில் ரம்பத்தின் பற்களைப் போல ஒருபுறம் சாய்வாகவும் மறுபுறம் செங்குத்தாகவும் வரிப்பள்ளங்களை வெட்டிவிட்டாலோ துளி ஒரே திசையில், வினாடிக்கு ஏறத்தாழ 10 செ.மீ. வேகத்தில் ஓடுகிறது, சிறிய ஏற்றத்திலும் ஏறுகிறது. இயற்பியலாளர் லிங்கேயின் குழுவினர் 2006-இல் வெளியிட்ட இந்த முடிவுக்கு ராக்கெட்டின் பின்னுதைப்பே போதுமான விளக்கம் என்று கருதுகிறேன். பற்கள் ஆவியை ஒருபுறமாகத் திருப்புகின்றன. துளி மறுபுறம் தள்ளப்படுகிறது.

நுண்ணோக்கன்:
உங்கள் விளக்கத்தை ஏற்க முடியவில்லை. துளி ஓடும் திசையே அதற்கு எதிராக நிற்கிறது. துளிக்கும் தட்டுக்கும் இடையிலுள்ள ஆவிப்படலத்தின் தடிமன் சுமார் 0.1 மி.மீ. தான். அந்தக் குறுகிய இடைவெளியில் ஆவி ஒவ்வொரு பல்லின் முகட்டிலிருந்தும் சாய்வின் வழியே இறங்கி, செங்குத்துச் சுவரின் அடியில் பள்ளத்தை அடைந்து, அங்கிருந்து பள்ளத்தின் நீளவாக்கில் இருபக்கமும் வெளியேறுகிறது. பின்னுதைப்புதான் காரணம் என்றால் துளி இந்த ஓட்டத்துக்கு எதிராகப் போக வேண்டும். அதுவோ ஆவி சாய்வில் இறங்கும் திசையிலேயே, செங்குத்துச் சுவர்களை எதிர்கொண்டு போகிறது. இவ்வளவு மெல்லிய படலத்தில் பாகுத்தன்மையின், அதாவது ஆவியின் உள் உராய்வின், ஆட்சி வலுவானது. ஆகவே ஓடும் ஆவி தன்மேல் மிதப்பதையும் உடன் இழுத்துச் செல்கிறது.

தழல்மதி:
அப்படியானால் நியூட்டனின் மூன்றாம் விதி என்னவாகிறது? துளி முன்னே போனால் ஏதோ ஒன்று பின்னே தள்ளப்பட வேண்டுமே. மேலும், துளியின் அடிப்பரப்பு பற்களுக்கேற்ப நெளிந்து அதிர்கிறது. அந்த நெளிவே அதை நகர்த்துகிறது என்றும் வாதிடலாம்.

நுண்ணோக்கன்:
பின்னே தள்ளப்படுவது தட்டு. சாய்வான முகத்தில் முகட்டருகே ஆவியின் அழுத்தம் மிகுதி, திறந்த பள்ளத்தில் குறைவு. சாய்வின்மேல் விழும் அந்த அழுத்தம் தட்டைக் கீழும் பின்னும் அழுத்துகிறது. தட்டு கனமாக ஓரிடத்தில் இருப்பதால் அந்த உந்தல் நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

நெளிவைப் பற்றிய ஐயத்தை 2011-இல் லகுபோ, கெரே ஆகியோர் அடங்கிய குழு மிக அழகாகத் தீர்த்தது. இத்துறையில் என்னை மிகவும் கவர்ந்த சோதனை இதுவே. அவர்கள் துளிக்குப் பதிலாக உலர்பனியில் வெட்டிய வில்லையைச் சூடான ரம்பப்பல் தளத்தில் வைத்தார்கள். உலர்பனி உருகாமல் நேரே வாயுவாகும் திண்பொருள். அதற்கு நெளிவும் இல்லை, பரப்பு இழுவிசையும் இல்லை. அந்த வில்லையும் துளி ஓடும் அதே திசையில் ஓடியது. அடியில் வாயு ஓடினால் போதும், மேலே திரவம் இருக்க வேண்டியதில்லை.

கொதிகலன்:
காரணம் எதுவானாலும், கணினிச் சில்லுகளை, அவற்றின் கழிவு வெப்பத்தாலேயே ஓடும் இத்தகைய துளிகளைக் கொண்டு குளிர்விக்கலாம் என்று சிலர் வைக்கும் நம்பிக்கையில் எனக்கு உடன்பாடு இல்லை. நீராவியின் வெப்பக் கடத்துதிறன் நீருடையதில் இருபதில் ஒரு பங்கு அளவே. துளியை ஓடச்செய்யும் அதே படலம் வெப்பத்தையும் தடுத்துவிடுகிறது. வெப்பத்தை அகற்ற வேண்டிய பொறியாளர் இந்த மிதப்பை ஒழிக்கவே முயல்வார். 2022-இல் ஹாங்காங் நகரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற ஒரு குழு, எஃகுத் தூண்களுக்கிடையே வெப்பங்காக்கும் நுண்ணிழைச் சவ்வைப் பதித்து, 1150 பாகை செல்சியஸ் வரை இந்த மிதப்பு நேராமல் தடுத்துக் காட்டியது. செல்ல வேண்டிய வழி அது என்பேன்.

நுண்ணோக்கன்:
உலைச்சுவருக்கும் விசையாழிக்கும் நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. ஆனால் சில்லு விஷயத்தில் ஓடும் துளியிடம் எதிர்பார்ப்பது வெப்பத்தை உறிஞ்சுவதன்று, மின்சாரம் இல்லாமல் திரவத்தை இடம்பெயர்ப்பது. அது பம்பின் வேலை. அதற்கு நீர்தான் வேண்டும் என்பதும் இல்லை. லிங்கே குழுவினர் எத்தனால், அசிட்டோன், திரவ நைட்ரஜன், குளிர்சாதனத் திரவமான ஆர்-134ஏ ஆகியவற்றையும் ஓடவிட்டார்கள். கழித்தல் 196 பாகையில் கொதிக்கும் நைட்ரஜனுக்கு அறை வெப்பநிலையில் உள்ள பித்தளையே போதிய சூடுள்ள தட்டு.

தழல்மதி:
முழுதும் மிதக்கும் துளிக்குப் பின்னுதைப்பு பொருந்தாது என்பதை ஏற்கிறேன். வில்லைச் சோதனைக்குப் பின் அதை மறுக்க இடமில்லை. ஆயினும் துளியின் ஒரு பாதி மிதக்க, மறுபாதி தளத்தைத் தொட்டுக் கொதிக்கும் நிலையும் இருக்கிறது. நுண்தூண்களின் இடைவெளியைப் படிப்படியாக மாற்றிய தளங்களில் 2016-இல் அத்தகைய துளிகள் வெப்பம் மிகுதியாகக் கடத்தப்படும் பக்கம் நோக்கி நகர்வதைக் காட்டினார்கள். கொதிகலன் கேட்கும் வெப்ப அகற்றலும் நீங்கள் சொல்லும் இடப்பெயர்ச்சியும் அங்கே ஒன்றாக நிகழ்கின்றன. வெறும் இழுவையைக் கொண்டு அந்த நகர்வை எப்படி விளக்குவீர்கள்?

நுண்ணோக்கன்:
இழுவையைக் கொண்டு விளக்க மாட்டேன். அங்கே தளத்தைத் தொடும் பக்கத்துக்கும் மிதக்கும் பக்கத்துக்கும் இடையே ஆவியழுத்தம் வேறுபடுகிறது. அந்த வேறுபாடு துளியைத் தள்ளுகிறது. நான் இதுவரை சொன்னவை எங்கும் தளத்தைத் தொடாமல் மிதக்கும் துளிக்கு மட்டுமே பொருந்தும்.