உதட்டுக் கொப்புளம் இருந்தவர் டம்ளர்ல வாய் வச்சுட்டேன், எத்தனை நாள் பார்க்கணும்?

கோட்டையூர்_பையன்:
ஞாயித்துக்கிழமை சாந்திக் கல்யாணத்துல சித்தப்பா குடிச்ச காபி டம்ளரை மாத்தி எடுத்து வாய் வச்சுக் குடிச்சுட்டேன். அவுகளுக்குக் கீழுதட்டோரம் கொத்தா நீர்க்கொப்புளம், ஒண்ணு உடைஞ்சிருந்துச்சு. இன்னைக்கு 4ஆவது நாள். உதடு எரியுற மாதிரியே இருக்கு. இப்பவே ரத்தம் குடுத்துப் பார்க்கலாமா? வீட்ல ஆச்சி (அக்கா) பேறுகாலத்துக்கு வந்திருக்காக, பிள்ளைக்கு 20 நாள்.

லேப்_காரைக்குடி:
இப்ப ரத்தம் குடுத்தா காசுதான் போகும். இந்தக் கொப்புளத்துக்குக் காரணம் எச்எஸ்வி-1ங்கிற வைரஸ். அதுக்கு எதிரா உடம்பு உண்டாக்குற ஐஜிஜிங்கிற எதிர்ப்புப்பொருள் ரத்தத்துல ஏற வாரக்கணக்காகும், சிலருக்கு 12 வாரம் வரை. அப்பப் பாசிட்டிவ் வந்தாலும் இந்த டம்ளர்ல வந்ததுன்னு சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனத்தோட 2020 கணக்குப்படி 50 வயசுக்குக் கீழ 64 சதவீதம் பேருக்கு இந்த வைரஸ் ஏற்கெனவே உண்டு, பாதிப்பேருக்கு மேல தெரியவே தெரியாது. சின்ன வயசுலயே உங்களுக்கும் வந்து போயிருக்கலாம். ஐஜிஎம்னு இன்னொரு எதிர்ப்புப்பொருள் டெஸ்ட் எடுக்கச் சொன்னா வேண்டாம்னுருங்க, அது நம்பகமில்ல.

கொப்புளம் வந்தா மட்டும் 48 மணி நேரத்துக்குள்ள அந்த நீரைத் தொட்டெடுத்து பிசிஆர், அதாவது வைரஸோட மரபணுவையே தேடுற டெஸ்ட். பொருக்குக் கட்டினப்புறம் எடுத்தா, இருந்தாலும் இல்லைன்னு காட்டலாம்.

தோல்வார்டு_நர்ஸ்:
தம்பி, இது முக்கியமா முத்தத்துலயும் புண்ணு நேரா உரசுறதுலயும்தான் பரவும். டம்ளர்ல வாய்ப்புக் கம்மி. பரவியிருந்தா 2லிருந்து 12 நாளைக்குள்ள தெரியும், ஞாயித்துக்கிழமையிலிருந்து எண்ணுங்க. முதல்ல ஒரே இடத்துல குறுகுறுப்பு, அப்புறம் கொத்தா கொப்புளம். உதடு முழுக்க எரியுறது பெரும்பாலும் நாக்கால நக்கி நக்கி வறண்டதுதான். உள்கன்னத்துல ஒத்தையா வர்ற வெள்ளைப் புண் இது இல்ல.

முன்கூட்டியே மாத்திரை போட வேண்டாம். குறுகுறுப்பு வந்த அன்னைக்கே டாக்டரைப் பாருங்க. அசைக்ளோவிர், வாலசைக்ளோவிர் சீக்கிரம் தொடங்கினாத்தான் பலன். கிட்னிக் கோளாறு இருந்தா அளவைக் குறைப்பாக, அதனால மெடிக்கல்ல நேரா கேட்டு வாங்காதீக.

பயப்பட வேண்டிய இடம் பிள்ளைதான். 12 நாள் முடியுற வரைக்கும் நீங்க முத்தம் குடுக்காதீக, தூக்குறதுக்கு முன்னாடி சோப்புப் போட்டுக் கை கழுவுங்க. சித்தப்பா பொருக்கு உதிர்ற வரைக்கும் கிட்டயே வரக்கூடாது. பால் குடிக்காம துவண்டாலோ, காய்ச்சலோ கொப்புளமோ வந்தாலோ ராத்திரின்னு பார்க்காம ஆஸ்பத்திரி.

மனசு_பக்கம்:
கண்ணாடி பார்க்கப் பார்க்க எரிச்சல் கூடும். காலையில பல் விளக்குறப்ப ஒரு தடவை, அவ்வளவுதான். காலண்டர்ல 12ஆம் நாளை வட்டம் போட்டு, அதைத் தாண்டிட்டா பார்க்குறதை நிறுத்துங்க. கூகுள் படம் வேண்டாம், அதுல வர்றதெல்லாம் முத்தினது. இதே நினைப்பு வந்தா "சாயங்காலம் 6 மணிக்கு"ன்னு தள்ளி வச்சு, அப்ப 15 நிமிஷம் மட்டும் யோசிங்க. தூக்கம் கெட்டா 14416, டெலி மானஸ்ங்கிற அரசு மனநல உதவி எண், தமிழ்லயே பேசுவாங்க, காசில்லை.

கோட்டையூர்_பையன்:
இனிமே அண்ணாந்துதான். சித்தப்பாவை அக்கி எழுதக் கூட்டிட்டுப் போறாகளாம். ஒரு கண்ணும் சிவந்து உறுத்துதாம்.

தோல்வார்டு_நர்ஸ்:
காவி பூசுறது இருக்கட்டும், கண்ணுக்கு இன்னைக்கே கண் டாக்டர். வைரஸ் கருவிழிக்குப் போனா பார்வையே போகலாம். வீட்ல பழைய சொட்டுமருந்து கிடந்தா ஊத்த வேண்டாம். ஸ்டீராய்டு கலந்ததா இருந்தா புண் இன்னும் பரவும். உதட்டைத் தொட்ட கையால கண்ணைக் கசக்கக் கூடாதுன்னும் சொல்லுங்க.